நிவேதாவுக்குக் கட்டிய சிவப்பு டேக்

பொன்னேரியிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் காலை ஆறே முக்காலுக்கு ஏறினால், ஒரு தீர்ப்பாவது கேட்காமல் இறங்க முடியாது. முந்தின நாள் சீரியலில் யார் செய்தது சரி, யார் செய்தது தப்பு என்று நாற்பது பெண்கள் வழக்கு நடத்துவார்கள்.

தீர்ப்புக்கும் ஒரு முறை இருந்தது. வண்டி உதிரிபாகம் செய்கிற அந்தக் கம்பெனியில் தேறிய பொருளுக்குப் பச்சை டேக், சந்தேகமென்றால் மஞ்சள், கழிக்க வேண்டியதற்குச் சிவப்பு. அச்சு கோணலாகி வீணான டேக்குகளைக் கேட்டு வாங்கி வந்து, சீரியல் ஆளின் பெயரை எழுதி, டிரைவர் சீட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பியில் நூலால் கட்டிவிடுவார்கள். கம்பெனி சட்டமே பஸ்ஸுக்கும் சட்டம். சிவப்பைக் கட்டியவர்தான் கழற்றலாம். மற்றவர் கை வைக்கக்கூடாது.

இப்போது ஓடும் சீரியலின் நாயகி நிவேதாவுக்குச் சிவப்பு கட்டியது திலகவதி. மூன்று வாரமாக அது கல்பனாவின் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

கல்பனாவுக்கு முப்பத்து நான்கு வயது. கடைசிப் பரிசோதனை மேஜையில் வேலை. சேர்ந்த புதிதில் வெர்னியர் என்ற அளவுகருவியைப் பிடிக்கவே தெரியாதவள். வீட்டில் மகளின் பென்சில், தன் வளையல், அடுப்புத் திருகு என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்த்துத் தானாகவே கற்றுக்கொண்டாள். இன்று அவள் கையெழுத்தில்லாமல் ஒரு பெட்டியையும் மூடுவதில்லை.

அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் திலகவதி, கல்பனா அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார். ஆறு வருடங்களுக்கு முன் கல்பனாவின் கணவன் வசந்தகுமாரை நெடுஞ்சாலையில் ஒரு லாரி அடித்துப்போட்டது. திலகவதிக்கு இருந்த ஒரே தம்பி அவன். மூன்றாம் மாதம், மூலையில் உட்கார்ந்திருந்த கல்பனாவைக் கையைப் பிடித்து எழுப்பிக் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள். அன்றிலிருந்து அண்ணியின் பேச்சைத் தாண்டி கல்பனா எதுவும் செய்ததில்லை.

இப்போது செய்ய வேண்டியிருந்தது. அத்திப்பட்டிலிருக்கும் சித்தி ஒரு சம்பந்தம் கொண்டுவந்திருந்தாள். அன்புராஜ், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவன். சித்தி வீட்டில், மகளும் கூட இருக்க, இரண்டு முறை பார்த்துப் பேசினார்கள். கல்பனாவுக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அண்ணியிடம் எப்படி வாய் திறப்பது என்றுதான் தெரியவில்லை.

சீரியலில் நிவேதாவும் கணவனை இழந்தவள்தான். கையில் குழந்தை. கௌதம் என்ற டாக்டரை மணக்கச் சம்மதித்திருந்தாள். பஸ் இரண்டாகப் பிரிந்து நின்றது.

வியாழக்கிழமை காலை கல்பனா மெதுவாக ஆரம்பித்தாள். “அந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணிடுச்சு? யார் ஊட்டையாவது கெடுத்துச்சா? புருசன் செத்து ஆறு வருசம் ஆவுது.”

“ஆறா? கதையில மூணு வருசந்தாம்மே,” என்றாள் பின் சீட்டு மெர்சி.

கல்பனா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்தில் திலகவதி ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

“மூணோ ஆறோ, புள்ள மூஞ்சிய பார்த்துக்கினு காலந்தள்ளக் கூடாதா?” என்றாள் அவள். “கல்யாணப் பொடவைக்கு கலரு பார்த்துக்கினு கீறா. செவப்பு டேக்குதான் அவளுக்கு.”

“எங்க பெரியம்மாக்கு ரெண்டாவது நிக்காஹ்தான்க்கா,” என்றாள் பழவேற்காட்டு சாயிரா பானு. “எங்க அஞ்சு பேரையும் வளர்த்து ஆளாக்குனது அவங்கதான்.”

“சீரியல பேசச்சொல்லோ ஊட்டுக் கதைய ஏன் இஸ்துக்கினு வர்றே?” என்று வெட்டினாள் திலகவதி.

“அந்த டாக்டர் நல்லவனாக்கா?” என்று டிரைவர் லோகு கண்ணாடி வழியாகக் கேட்டான்.

“நீ ரோட்ட பாரு லோகு.”

கல்பனா சாப்பாட்டுப் பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். சித்தியிடம் வேண்டாமென்று சொல்லிவிடலாம் என்று அன்று மாலைக்குள் முக்கால்வாசி முடிவு செய்துவிட்டாள்.

அன்றைய எபிசோடில் கல்யாண மண்டபத்துக்கு வந்துகொண்டிருந்த டாக்டரை ஒரு லாரி அடித்துப்போட்டது. பழைய கணவனின் படத்துக்கு முன்னால், இனி குழந்தைக்காகவே வாழ்வேன் என்று நிவேதா சத்தியம் செய்தாள்.

வெள்ளிக்கிழமை மெர்சி படியேறும்போதே கத்தினாள். “திலகாக்கா, ஜெயிச்சிட்டே! டைரக்டரு உன் கட்சிதான்!”

திலகவதி சிரிக்கவில்லை. கவரப்பேட்டை தாண்டும்வரை அந்த டேக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரேயடியாகப் பொரிந்து தள்ளினாள்.

“லாரி! அவனுங்களுக்கு இன்னா, ஒரு லாரி போதும். எழுதிப்போட்டுட்டு நாஷ்டா துன்னப் பூட்டான். அடுத்த நாளு அந்த ஊட்ல யாரு அடுப்பு பத்த வைக்கிறது, யாரு கொழந்தைக்கு ஜடை பின்னி வுடறது, அதெல்லாம் எழுதுவானா? அந்த டாக்டரு இன்னா பாவம் பண்ணான்?”

“நீதானக்கா செவப்பு கட்டினே?” என்றாள் மெர்சி.

“அவ பண்றது தப்புன்னுதான் சொன்னேன். அவ நாசமாவணும்னா சொன்னேன்? ஒரு பொண்ணு கொஞ்சம் சிரிச்சதுக்கு எவன் உசுரையோவா எடுக்கறது?”

வசந்தகுமாரைத் தெரியாதவர்கள் அந்த பஸ்ஸில் யாருமில்லை. லோகு வேகத்தைக் குறைத்தான்.

திலகவதி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவப்பு டேக்கின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். மூன்று வாரத்து முடிச்சு இறுகியிருந்தது. கல்பனா கை நீட்டினாள்.

“நீ வுடு. கட்டுனது நானு.”

நகத்தால் நெருடி நெருடி ஒருவழியாகக் கழற்றி, கசக்கி ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணி,” என்றாள் கல்பனா. எஞ்சின் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. மறுபடி சொன்னாள். “அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அத்திப்பட்டு சித்தி ஒரே மாசத்துல நாலு தபா வந்துட்டுப் போவச்சொல்லவே ரோசன பண்ணேன். மூணு வருசத்த நேத்து ஆறுன்னியே, அப்ப தெரிஞ்சிப்போச்சு.” திலகவதி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “தெரிஞ்சிக்கினேதான் செவப்புன்னேன். இவளும் பூட்டா தம்பி பேரு சொல்ல ஊட்ல யாரு கீறாங்கன்னு ஒரு எரிச்சல். ராத்திரி அந்த லாரிய பார்த்தப்பறம் மனசு கேக்கல. பொண்ணு இன்னா சொல்றா?”

“கிரேன் மேல ஏத்திக் காட்டுவீங்களான்னு அவரையே கேட்டுட்டா.”

திலகவதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெர்சியிடம் டேக் கேட்டாள். மெர்சி பச்சையை எடுத்து நீட்டினாள்.

“அது இல்ல. மஞ்சா குடு.”

கல்பனாவிடம் அவர் பெயரைக் கேட்டு, கூட்டெழுத்தில்லாமல் நிறுத்தி நிறுத்தி எழுதினாள். கம்பியில் கட்டவில்லை. கல்பனாவின் சாப்பாட்டுப் பையின் கைப்பிடியில் கட்டினாள்.

“ஞாயித்துக்கிழம நம்ம ஊட்டுக்கு வரச்சொல்லு. நானும் பேசிப் பார்க்கறேன். பார்த்துட்டுத்தான் கழட்டுவேன்.”

மெர்சி எட்டிப் பார்த்தாள். “அன்புராஜா? இது எந்த சீரியல்க்கா?”

“உனுக்கு இன்னாத்துக்கு? கம்பெனி கேட்டு வந்துடுச்சு, எறங்கு.”

அன்று முழுவதும் அந்தப் பை பரிசோதனை மேஜைக்கடியில் மஞ்சள் டேக்கோடு இருந்தது. கல்பனா அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொண்டாள். அவள் மேஜையில் மஞ்சள் கட்டி ஒதுக்கிய பெட்டிகளில், திருப்பி அளந்து பார்த்தால் பாதிக்கு மேல் பச்சையாகத்தான் வெளியே போகும்.