திறந்துவிட்ட மேடு

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாசம், ஆவடி பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் நடந்தது இது. நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அன்றிலிருந்து எருமைதான் பிழைப்பு. கோர்வையாகச் சொல்ல வருமா தெரியவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு மேய்ச்சல் ஏரி உள்வாயில், கரைக்கு உள்பக்கத்துத் தரையில். தண்ணீர் வற்றின பிறகு அங்கே முளைக்கிற புல்தான் வருஷத்தில் பாதி நாள் மாடுகளுக்குச் சாப்பாடு. ஏரிக்குள்ளேயே ஓரமாக ஒரு மேடு உண்டு. ஆடி பிறந்ததும் அந்த மேட்டை மூடிவிடுவோம். வேலி எல்லாம் கிடையாது. ஒரு கழியில் வேப்பங்கொத்தைக் கட்டி நட்டுவிட்டால் மூடியாச்சு என்று அர்த்தம். அப்புறம் யாரும் அங்கே மாடு, ஆடு விடக்கூடாது, புல்லும் அறுக்கக்கூடாது. மழைக்காலத்தில் ஏரி ரொம்பி உள்வாயும் எங்கள் மாட்டுக் கொட்டகையும் தண்ணிக்குள் போய்விடும். அப்போது மாடு நிற்க மிச்சம் இருக்கிற இடம் அந்த மேடுதான். நின்றால் மட்டும் போதுமா, தின்னவும் வேண்டுமே. அதற்காகத்தான் அந்தப் புல்லை விட்டுவைப்பது.

அந்த வருஷம் ஆடியிலும் மழை இல்லை, ஆவணியிலும் இல்லை. உள்வாயில் புல் கருகிப்போய் நடந்தால் காலுக்கடியில் நொறுங்கியது. ஒரு பக்கம் பூராவும் கட்டடம் இடித்த குப்பையை ஏற்கெனவே யாரோ கொட்டி ரொப்பியிருந்தார்கள். என் எருமைகளுக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எங்களோடு ஆடு மேய்க்கிற ஒருத்தன், வயசில் என்னைவிடச் சின்னவன், அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"இப்ப துன்ன இல்லாம சாவுது அண்ணாத்தே. எப்பவோ வரப்போற மழைக்குப் புல்லு வெச்சிகினு இன்னா பண்ணப் போறோம்?"

எனக்குப் பயம். எதுக்குத்தான் எனக்குப் பயம் இல்லை. மேகம் கறுத்தாலும் பயம், கறுக்காவிட்டாலும் பயம். தாலி கட்டும்போதே பந்தல் உழுந்துடுமோன்னு அண்ணாந்து பாத்துகினு இருந்த ஆளு என்று என் வீட்டுக்காரி ஊர் பூராவும் சொல்லிச் சிரிப்பாள். வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் அவன் சொன்னதிலும் பொய் இல்லையே. மாடு வைத்திருக்கிற மற்றவர்களும் அவன் பக்கம் பேசினார்கள். கடைசியில் நானும் தலையாட்டினேன். கழியைப் பிடுங்கிப் போட்டோம். ஐப்பசி பிறப்பதற்குள் மேடு மொட்டை அடித்த மாதிரி ஆகிவிட்டது.

கார்த்திகையில் கொட்டியது பாருங்கள், ஏரி ரொம்பி, மிச்சத் தண்ணி வழிகிற கலங்கலையும் தாண்டி எங்கள் தெருவுக்கே தண்ணீர் வந்துவிட்டது. வைக்கோல் போர் ஊறி நாறிப்போனது. வீட்டுக்காரியைப் பள்ளிக்கூடத்தில் மற்ற ஜனங்களோடு தங்க வைத்துவிட்டு எருமைகளை மேட்டுக்கு ஓட்டினேன். அதில் மூத்தது நிறைமாசச் சினை. வெறும் மண்ணில் நின்றுகொண்டு அதுங்க என்னையே பார்க்கும். சேற்றை நக்கும். ஒரு வாய் புல் இல்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலையில் வைக்கோல் தேடிக் கிளம்பினேன். குமணன்சாவடி பக்கம் ஒருத்தர் வைத்திருக்கிறார் என்றார்கள். தண்ணியில் நடந்து, கிடைத்த வண்டியில் தொத்திக்கொண்டு போய் இரண்டு கட்டு வாங்கித் திரும்பும்போது பொழுது சாய ஆரம்பித்துவிட்டது.

மேட்டில் ஒருத்தர் நின்றுகொண்டிருந்தார். எதிரே அடுக்குமாடியில் இருக்கிறவர், கம்ப்யூட்டர் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னிடம் பால் வாங்குகிறவர். பக்கத்தில் ஒரு காலி டிரம். வீடு முழுகின ஜனங்களுக்காக அடுக்குமாடிக்காரர்கள் சமைத்ததில் மிஞ்சின சோறு. அதைத் தலையில் வைத்து இடுப்பளவு தண்ணியில் சுமந்து வந்திருக்கிறார். காலில் ஏதோ கிழித்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"ஒரு பருக்கை மிச்சம் வைக்கல அண்ணாச்சி. மேல இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன், மனசு கேக்கல."

வைக்கோல் கட்டை அப்படியே போட்டுவிட்டு எருமைகளிடம் ஓடினேன். மாட்டு வயிறு புல்லுக்கு ஏற்பட்டது. ஒரு கை சோறு ஒன்றும் செய்யாது. பட்டினி வயிற்றில் அவ்வளவு சோறு போனால் உள்ளேயே புளித்து, உடம்பு பூராவும் விஷமாகிவிடும். மாட்டுப் பொங்கலுக்குக்கூட நாங்கள் அதுங்களுக்கு அளந்துதான் வைப்போம். அவரிடம் என்ன சொல்ல? நல்லது சார், தண்ணி ஏறுது, வீட்டுக்குப் போங்க என்று அனுப்பிவைத்தேன்.

மற்றதுங்களை முட்டித் தள்ளிவிட்டு மூத்ததுதான் நிறையத் தின்றிருந்தது. அசை போடுவதை நிறுத்திவிட்டது. பல்லை நறநறவென்று கடித்தது. நான் தண்ணியில் இறங்கி வீடு வீடாக ஆப்ப சோடா கேட்டு வாங்கி வந்து கரைத்து ஊற்றினேன். மாட்டு டாக்டரும் போனில் அதைத்தான் சொன்னார், அவரால் வர வழி இல்லை. ஆட்டுக்காரன் வந்து கூடவே கிடந்தான். நடக்க வைக்கலாம் என்று இரண்டு பேரும் அதைத் தூக்கித் தூக்கி நிறுத்தினோம். நிற்கவில்லை. மற்ற மூன்றும் கழிந்து கழிந்து எப்படியோ தேறிவிட்டன. மறுநாள் மத்தியானம் மூத்தது கண்ணை மேலே சொருகிவிட்டது. அதன் வயிற்றில் கை வைத்திருந்தேன். உள்ளே கன்று உதைத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதுவும் அடங்கியது. ஆட்டுக்காரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "நாந்தானே தொறக்கச் சொன்னேன் அண்ணாத்தே" என்றான். எல்லாருந்தான்டா என்றேன்.

தண்ணி வடிந்ததும் அந்த சார் பாலுக்கு வந்தார். எருமை ஒன்று குறைகிறதே என்றார். குளிர் தாங்கல சார் என்று சொல்லிவிட்டேன். அவர் கண் கலங்கிவிட்டது. "போறப்ப வயிறு நெறஞ்சாவது போச்சே அண்ணாச்சி."

அந்த வார்த்தை என்னைத் தூங்கவிடவில்லை. சொன்னால் அந்த மனுஷன் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் அடுத்த மழைக்கும் டிரம்மோடு வருவார், அடுக்குமாடியில் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். மாசக்கணக்கில் இதையே மென்றுகொண்டிருந்தேன். சொல்லித் தொலையேன்யா என்றாள் வீட்டுக்காரி. அடுத்த ஐப்பசியில் மேகம் திரண்ட ஒரு நாள், பால் ஊற்றும்போது, இனிமேல் மழை வந்தால் மாட்டுக்குச் சோறு வேண்டாம் சார், வைக்கோல் கிடைத்தால் கொடுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார். நான் குனிந்து பாலை அளந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அது குளிர்லதான் போச்சா?"

நான் பால் படியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு மெதுவாகப் போனார். அதற்குப் பிறகு பாலுக்கு அவர் சம்சாரம்தான் வருகிறார். மழை பெய்தால் அவர் மேட்டைப் பார்த்திருக்கிற பால்கனிக் கதவைச் சாத்திவிடுகிறாராம்.

இந்த வருஷம் வெயில் அன்றைக்கு இருந்ததைவிட மோசம். ஆனாலும் ஆடியில் மூடின மேட்டைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆட்டுக்காரன் தன் ஆடுகளில் பாதியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான், மேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. புல் இப்போது முழங்கால் உயரம் நிற்கிறது. அன்றைக்கும் அது நின்றிருந்தால் அந்த மனுஷன் ரத்தக் காலோடு சோறு சுமந்து வரவேண்டிய அவசியமே வந்திருக்காது. என் எருமை போன துக்கத்தைக்கூட ஒருவாறு ஆற்றிக்கொண்டேன், ஒரு நல்ல மனசு மழையைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிற மாதிரி ஆனதைத்தான் இன்றுவரை ஆற்ற முடியவில்லை.