முதலாளி கட்டின தொட்டில்

"...ஒரே குடும்பமுன்னு மைக்கு வெச்சு நீங்களே சொல்லிப்போட்டீங்க. அப்பறம் எங்க புள்ளைகளுக்குத் தொட்டில் கட்டறதுக்குத் தாய்மாமனைத் தேடி நாங்க எங்கீங்க போறது?"

என் அத்தை இப்படிக் கேட்டது பனியன் கம்பெனி முதலாளியிடம். அன்றைக்கு ஆயுத பூஜை. தையல் மெஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிலாளிகளின் பெண்டு பிள்ளைகளுக்கும் கம்பெனி கேட் திறக்கும். முதலாளியும் வருஷா வருஷம் பேசுகிற பேச்சைப் பேசி முடித்திருந்தார்: நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்துக்குள்ளே சங்கம் எதற்கு என்று.

அத்தை கேட்டதும் அவர் சிரித்தார். "உன்ற அண்ணந்தான் அங்க நிக்கறானே அம்மிணி?"

அந்த அண்ணன் என் அப்பா. அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சங்கத்துக்காரர் வேறு.

"அவரு ஊட்டுக்குத் தாய்மாமனுங்க. கம்பெனிக்கு நீங்கதானுங்க" என்றாள் அத்தை.

இந்தப் பேச்சின் வேர் தெரிய வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே வரவேண்டும். அத்தைக்குக் கைக்குழந்தை இருந்தது. கம்பெனியில் அவளுக்கு நூல் பிசிறு வெட்டிப் பனியன் மடிக்கிற வேலை. குழந்தை என் இடுப்பில். அவனைத் தூக்கத் தொடங்கிய நாளிலிருந்து நான் பள்ளிக்கூடம் போவதில்லை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அவன் பசித்து அழுதால் கேட் வரைக்கும் தூக்கிப் போவேன். மத்தியானச் சங்கு ஊதுகிற வரைக்கும் வாட்ச்மேன் திறக்க மாட்டார். குழந்தையின் அழுகை மட்டும் சுவர் தாண்டி உள்ளே போகும். சங்கு ஊதி அத்தை ஓடிவரும்போது ரவிக்கை நனைந்திருக்கும். வேர்வை என்று நினைத்துக்கொள்வேன். ஒருமுறை ஒரு அக்கா சங்குக்கு முன்னாலேயே பால் கொடுக்க வெளியே வந்துவிட்டாள். மறுநாள் அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்தவனோ கஞ்சித் தண்ணீர் குடித்தே குச்சியாகிக்கொண்டிருந்தான்.

குழந்தைகளுக்கு ஒரு கொட்டகையும் பால் கொடுக்க நேரமும் வேண்டும் என்று சங்கம் கேட்டது. சட்டத்திலேயே இருக்கிறது என்றார் அப்பா. அதெல்லாம் பெரிய மில்லுகளுக்கு என்றார் முதலாளி. இது கம்பெனியா, பிள்ளைக்கூடமா என்றும் கேட்டாராம். ஆனால் எதையும் கோபமாகச் சொல்ல மாட்டார். வாயிலே சர்க்கரை, கையிலே கருணைக்கிழங்கு என்று அப்பா பல்லைக் கடிப்பார். வேலைநிறுத்தம் ஒன்றுதான் வழி என்பது அவர் கட்சி.

"ஆடிக் கறக்கற மாட்டை ஆடிக் கறக்கோணும், பாடிக் கறக்கற மாட்டைப் பாடிக் கறக்கோணுமுங்கண்ணா. இது பாடிக் கறக்கற மாடு" என்றாள் அத்தை.

"மலட்டு மாட்டுக்கு என்ன பாட்டு?" என்றார் அப்பா.

அத்தை மாட்டைச் சரியாகத்தான் பார்த்து வைத்திருந்தாள். எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் சாமிக்கு அடுத்த படி. பிள்ளைக்குத் தொட்டில் கட்டுவது அவன் உரிமை. அவன் போட்ட முடிச்சை, பிள்ளை இறங்கி நடக்கிற வரைக்கும் அவனே நினைத்தாலும் அவிழ்க்கக் கூடாது. முதலாளி இதிலெல்லாம் ஊறினவர். மடத்துக்குளத்தில் கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுச் சீருக்காக, சரக்கு ஏற்றி நின்ற லாரியையே நிறுத்திவிட்டுப் போனவர்.

அப்பேர்ப்பட்டவரை ஊர் கூடின இடத்தில் ஒரு பெண்பிள்ளை தாய்மாமன் ஆக்கினால் எப்படி மறுப்பார்? துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். புது குடோன் தாழ்வாரத்தில் இரும்புக் குழாய் ஓடியது. அத்தை பழைய சேலையை நீட்ட, அதை வீசிப் போட்டு முடிச்சுப் போட்டார். சின்ன வயதில் நூல் மூட்டை கட்டின கை. தொங்கிப் பார்த்துவிட்டு, "யானைக்குட்டியப் போட்டாலுந் தாங்கும்" என்று பெருமையாகச் சொன்னார்.

அவர் திரும்புவதற்குள் இன்னொரு சேலை நீண்டது. "எம்புள்ளைக்குமுங்கண்ணா." அதற்குப் பின்னால் இன்னொன்று. பொரி வாங்க வந்த பெண்கள் பைக்குள் என்ன கொண்டுவந்தார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சமானது. அதுவரை மொதலாளி மொதலாளி என்றிருந்த வாய்களெல்லாம் அண்ணா அண்ணா என்றன. ஒரு தங்கச்சிக்குச் செய்து ஒரு தங்கச்சிக்குச் செய்யாமல் இருக்க முடியுமா? வேர்க்க வேர்க்கக் கட்டினார். தாழ்வாரம் பூராவும் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கிய பிறகுதான் அவர் முகம் மாறியது.

மேஸ்திரி மெதுவாகக் கிட்டே வந்தார். "நாளைக்கு நூல் லோடு எறக்கோணுமுங்க. பூசை முடிஞ்சதும் இதையெல்லாம் அவுத்துப் போடட்டுங்களா?"

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கட்டினதை நீ அவுப்பியா?"

அப்பா, மலட்டு மாடு என்று சொன்ன அதே அப்பா, முன்னால் வந்து நின்றார். "புள்ளைக்குப் பால் குடுக்கற நேரத்துக்கு மணி யாருங்க அடிக்கறது?"

"வாட்ச்மேன் அடிக்கட்டும். காலைல ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா" என்ற முதலாளி, அத்தையைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "பொரி குடுக்கக் கூப்பிட்டா மாமனாக்கிப் போட்டீங்களே" என்று சிரித்தும் விட்டார். பெண்கள் போட்ட குலவையில் குழந்தைகளெல்லாம் ஒன்றாக அழுதன.

தைப் பொங்கலுக்குள் தாழ்வாரத்துக்குத் தடுப்பு வந்தது, பார்த்துக்கொள்ள ஒரு ஆயா வந்தாள். அருள்புரம் வரைக்கும் மற்ற கம்பெனிப் பெண்களும், உங்களுக்கு மட்டும் எப்படி என்று கேட்டுக்கொண்டு சங்கத்துக்கு வந்தார்கள். என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் துரத்தினார்கள். ஜெயித்தவர்கள் எல்லாரும் சேர்ந்து எனக்கு மட்டும் ஏன் தண்டனை கொடுக்கிறார்கள் என்று நான் ஒரு வாரம் அழுதேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு விளங்காமல் போனது இன்னொன்று. கம்பெனியில் ஒருத்தி இருந்தாள். ஓட்டைச்சட்டி என்று பட்டப்பெயர். சங்கக் கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்பதை மேஸ்திரி காதில் ஒழுகவிடுவது அவள்தான். புருஷன் படுத்த படுக்கை, கூடப் பிறந்தவன் என்று ஒருவனும் இல்லை. அவளோடு யாரும் பேச மாட்டார்கள். அன்றும் பிள்ளையோடு தூணோரம் தனியாகத்தான் நின்றாள், கையில் சேலை இல்லாமல். குலவை ஓய்ந்ததும், முதல் தொட்டிலில் எங்கள் பிள்ளையைத்தான் போட வேண்டும் என்று நான் அவனைத் தூக்கிக்கொண்டு முந்தி ஓடினேன். முதலாளியும் சேலையை விரித்துப் பிடித்து, "போடு அம்மிணி" என்றார்.

அத்தை என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு நேரே தூணோரம் போனாள். அந்தப் பெண் பின்வாங்கப் பார்த்தாள். அத்தை விடவில்லை. அவள் இடுப்பிலிருந்த பிள்ளையை வாங்கிவந்து, முதலாளி பிடித்த சேலைக்குள் கிடத்தி, ஓர் ஆட்டு ஆட்டிவிட்டாள்.