ஆறு தண்ணீர் கழுவிய கினோவா

பொலிவியாவில் ஒரூரோவிலிருந்து பொத்தோசி போகும் பகல் பஸ், வழியில் மலைமேல் இருக்கும் சல்லாபாத்தாவில் சாப்பாட்டுக்காக இருபத்தைந்து நிமிடம் நிற்கும். ஓட்டுநர் எந்தக் கடையில் உட்காருகிறாரோ, பயணிகளும் அங்கேயே உட்காருவார்கள். பதினோரு வருடமாக ஓட்டுநர் சதுர்னினோ உட்கார்ந்தது சாலைக்கு எதிர்ப்பக்கத்துப் பெரிய கடையில். பொரித்த கோழியும் மலை மாதிரி சோறும்தான் அங்கே சாப்பாடு. இந்தப் பக்கம் எர்மினியாவின் கடையில், அந்தக் குளிரில் ஓட்டுவதற்கு ஈகூடக் கிடையாது. மாதக் கடைசியில் கடையை மூடிவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவே செய்திருந்தாள், பாவம்.

அன்று சதுர்னினோ பயணிகளை எதிரே விட்டுவிட்டு, திருடன் மாதிரி சாலையைக் கடந்து வந்தார். உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டதாம். பொரித்ததையும் சோற்றையும் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். சோற்றுக்குப் பதிலாக அந்த மலைச்சீமைத் தானியம், கினோவா இருக்குமா என்று கேட்டார். இருக்குமாவா! எர்மினியா கினோவா வயலிலேயே பிறந்து வளர்ந்தவள்.

பானையைத் திறந்து ஒரு வாய் போட்டுப் பார்த்தாள். கசந்தது. காலையில் கினோவாவைக் கழுவியவள் நாத்தனார் நியேவெஸ். மேல்தோலின் கசப்பு நுரையாகப் போய் அடங்கும்வரை தேய்த்துக் கழுவவேண்டியதை இரண்டே தண்ணீரில் முடித்துவிட்டிருக்கிறாள் மகராசி.

மிளகாய் விழுதைத் தூக்கலாகப் போட்டால் கசப்பு தெரியாது என்று நியேவெஸ் காதோடு சொன்னாள். எர்மினியா யோசித்துப் பார்த்தாள். இன்றைக்குச் சமாளித்துவிடலாம்தான். ஆனால் இந்த மனுஷன் மறுபடி இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாரா?

"அண்ணே, இது கசக்குது. இத உங்களுக்குப் போட மாட்டேன். ஒரு இருபது நிமிஷம் பொறுத்துக்குங்க."

கசந்தால் என்ன, உடம்புக்கு நல்லதுதானே என்றார் அவர்.

"மருந்து வேணும்னா மருந்துக் கடைக்குப் போங்க. இது சாப்பாட்டுக் கடை."

பானையை ஓரமாகத் தள்ளிவிட்டு, புதிதாகக் கினோவாவை அள்ளி, உள்ளங்கை சிவக்கத் தேய்த்து ஆறு தண்ணீர் மாற்றினாள். முன்பே வெந்திருந்த கோழியைப் பிய்த்துப் போட்டாள். கேரட், வெங்காயம், பச்சை மொச்சை. கோழி வெந்த சாற்றையே ஊற்றி குக்கரை மூடினாள். அந்த மலை உயரத்தில் குக்கர் இல்லாமல் எதுவும் லேசில் வேகாது.

சதுர்னினோ தட்டின் முன் உட்கார்ந்தபோது எதிர்ப்பக்கம் பயணிகளே ஹாரனை அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. இரண்டாம் தட்டுக்குக் கை நீட்டினார். அவரை இழுத்துப்போகப் பத்துப் பேர் திரண்டு வந்தார்கள். முன்னால் வந்த அம்மாள், எதிர்க்கடையின் எண்ணெய்க் கோழியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவள், வாசனையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்கும் ரெண்டு கரண்டி போடும்மா. இவர அப்புறமா திட்டிக்கிறேன்."

குக்கர் வழித்துத் துடைத்தாற்போல் காலியானது.

கிளம்பும்போது எர்மினியா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்கும் உங்களுக்கு எடுத்து வைக்கட்டுமாண்ணே?"

சதுர்னினோ பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்.

"நாப்பத்திரண்டு சீட்டு இருக்கு. எனக்கு மட்டும் எடுத்து வச்சா எப்படி?"