நீல விளக்குக் கட்டில் செய்த காதர் பாய்

"அத்தா மவுத்தாயிட்டாங்க டீச்சர். காலையில தொழுதுட்டு வந்து உக்காந்தாங்க. அவ்வளவுதான்."

போன வியாழக்கிழமை காதர் பாயின் மகள் பர்வீன், தன் தகப்பனார் இறந்த செய்தியைப் போனில் இப்படிச் சொன்னபோது நான் பள்ளியில் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு திருவானைக்காவலில் பஸ் ஏறிப் பாலக்கரையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கூட்டம். பாதிப் பேர் தங்கள் வீட்டு மின்வேலையை அவரைக் கொண்டு செய்துகொண்டவர்கள்.

எலெக்ட்ரீஷியன் காதர் பாயை இந்த ஊரில் பலருக்குத் தெரியும். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் மின்வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர் என்பதும் தெரியும். என் மகள் இனியா இன்று ஒன்பது வயதுப் பெண்ணாக ஓடித் திரிவதில் அவருடைய பங்கு என்ன என்பது சிலருக்குத்தான் தெரியும். அதை மற்றவர்களுக்கும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இனியா பிறந்த இரண்டாம் நாளே மஞ்சள் ஏறியது. பச்சைக் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வருவது வழக்கம்தான், விளக்கில் வைத்தால் இறங்கிவிடும் என்றார்கள். இறங்கியது. விளக்கை அணைத்ததும் மறுபடி ஏறியது. ஒருமுறை ரத்தத்தையே மாற்ற வேண்டியிருந்தது. சில வாரங்கள் கழித்துத்தான் மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. கிரிக்ளர்-நஜ்ஜார். ரத்த அணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் பொருளை மாற்றி வெளியேற்றும் ஒரு நொதி, குழந்தையின் கல்லீரலில் பிறவியிலேயே இல்லை. அந்த மஞ்சள் மூளையைத் தொட்டுவிட்டால் மீட்க முடியாது. கல்லீரல் மாற்று அறுவைக்கு ஏற்றபடி வளரும்வரை தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நீல விளக்கின் கீழ் படுக்க வேண்டும் என்றார் மருத்துவர். மருத்துவமனை விளக்குகளோ கைக்குழந்தைகளுக்கானவை. வளரும் பிள்ளைக்குப் பெரிய கட்டில் வேண்டும்.

என் கணவர் சேகருக்குக் காதர் பாயின் நினைவு வந்தது. பாய் நேராக மருத்துவரிடம் வந்து உட்கார்ந்துகொண்டு கேள்விகளை அடுக்கினார். "ஏன் நீலம்ங்க? வேற கலர் ஆகாதா?" நீல ஒளி தோலில் பட்டால் மஞ்சளின் உருவம் மாறும், பிறகு நொதி இல்லாமலே அது வெளியேறிவிடும் என்று மருத்துவர் விளக்கினார். "அப்ப வெளிச்சம்தான் மருந்து. அளவு தப்பக் கூடாது" என்றார் பாய். நோயின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அத்தனை நாளில் முதல் தடவையாக எங்களைச் சிரிக்க வைத்தார். "நஜ்ஜார்னா அரபியில தச்சருங்க. தச்சர் ஆரம்பிச்சதை எலெக்ட்ரீஷியன் பார்த்துக்குறேன்."

பதினொரு நாளில் கட்டில் தயாரானது. மருத்துவர் கருவி கொண்டுவந்து ஒளியை அளந்து, சரி என்று சொல்லும்வரை குழந்தையை அதில் கிடத்த பாய் சம்மதிக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அவர் விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, கணவரின் அப்பா வழிச் சித்தி வந்து கூடத்தில் உட்கார்ந்தார். சேகர் என் அத்தை மகன், சொந்தத்துக்குள் நடந்த கல்யாணம் எங்களுடையது. "எங்க பக்கத்துல யாருக்கும் இப்படி இல்ல. இவ கொண்டு வந்தது" என்றார். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஏணியில் நின்றிருந்த பாய் இறங்கி வந்தார்.

"அம்மா, ஒரு வீட்டுக்கு ரெண்டு லைன் வருதுன்னு வைங்க. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல விளக்கு எரியும். டீச்சருக்கு ஒரு லைன் போயிருக்கு, உங்க புள்ளைக்கும் ஒரு லைன் போயிருக்கு. விளக்கு எரிஞ்சதால ரெண்டு பேருக்குமே தெரியல. இந்தப் புள்ளைக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் போன லைனே வந்துடுச்சு. இதுல யாரைக் குத்தம் சொல்லுவீங்க?"

மருத்துவர் படம் போட்டு விளக்கியதைக் கேட்டுவிட்டு, தனக்குப் புரிந்த மொழியில் சொன்னார். சித்தி அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை. அன்றுதான் என்னால் நிம்மதியாக மூச்சு விட முடிந்தது.

இனியாவுக்குப் பதினொரு மாதம் இருக்கும்போது காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் மஞ்சள் விறுவிறுவென்று ஏறும். இறங்கும்வரை விளக்கை அணைக்காதீர்கள், மாலையில் ரத்தம் பார்க்கலாம் என்றார் மருத்துவர். அன்றைக்கென்று எங்கள் பகுதியில் பராமரிப்பு மின்தடை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை. இன்வெர்ட்டர் இரண்டு மணி நேரம் தாங்கும். பாய்க்குப் போன் செய்தேன். "எங்க பக்கம் கரண்ட் இருக்கு, கட்டிலைக் கழட்டி வைக்கச் சொல்லுங்க, வரேன்" என்றார். லோடு ஆட்டோவில் கட்டில் முன்னே போக, குழந்தையோடு நாங்கள் பின்னால் காவிரிப் பாலத்தைக் கடந்தோம். பாலக்கரை வீட்டில் பாயின் மனைவி ஜுனைதா அக்கா முன்னறையைக் காலி செய்து, ஒளி சிதறாமலிருக்கச் சுற்றிலும் வெள்ளை வேட்டிகளைக் கட்டி வைத்திருந்தார். விளக்கு எரிந்ததும் இனியாவைக் கிடத்தினோம். பகல் முழுக்கப் பாய் சாப்பிடவில்லை. மாலையில் ரத்த முடிவு வந்தது. மஞ்சள் இறங்கத் தொடங்கியிருந்தது.

"முடுக்கின ஸ்க்ரூவையே மறுபடி மறுபடி முடுக்கிப் பார்த்தேங்க டீச்சர். குவைத்துல எவ்வளவோ பெரிய வேலை பார்த்திருக்கேன், இவ்வளவு பயந்ததில்ல" என்றார் அப்போது.

இனியாவின் ஆறாவது வயதில் சேகர் தன் கல்லீரலில் ஒரு பகுதியை அவளுக்குக் கொடுத்தார். அறுவை முடிந்து ஊர் திரும்பியதும் பாய் பார்க்க வந்தார். "இப்பல்லாம் இருட்டுல தூங்குறியாம்மா?" என்று கேட்டார். "பயமா இருக்கு பாய்" என்றாள் இனியா. பிறந்ததிலிருந்து இருட்டையே அறியாதவள். அவர் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். மறுநாள் ஒரு சின்ன பச்சை பல்பை மாட்டிவிட்டுப் போனார்.

இரண்டு வருடத்துக்கு முன்பு மணப்பாறையில் ஒரு குழந்தைக்கு இதே நோய் என்று மருத்துவர் சொல்லி, பாயோடு நானும் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததுமே ஆளாளுக்குப் பரிசோதனை எண்களைச் சொன்னார்கள். பாய் கேட்டது ஒன்றுதான். "புள்ள பேரு என்னங்க?"

அந்த இளம் தாய் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னும் வைக்கலைங்க. தங்குமா தங்காதான்னு தெரியாம எப்படிங்க வைக்கிறது?"

பாய் டேப்பைப் பைக்குள் போட்டார். "யாருக்குக் கட்டில் செய்றேன்னு எனக்குத் தெரியணும்ல? பேர் வைங்க. அப்புறம் அளவெடுக்குறேன்."

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண், "ஆதிரை" என்றார். எப்போதோ யோசித்து, சொல்லாமல் வைத்திருந்த பெயராக இருக்க வேண்டும். பாய் டேப்பை வெளியே எடுத்தார். "ஆதிரைக்கு இப்ப மூணடி போதும். நாலடியாவே செஞ்சுடுறேன், வளருவால்ல."

ஆதிரை இப்போது நடக்கிறாள்.

இந்த நோயுள்ள குழந்தைகளின் வீடுகளிலிருந்து மருத்துவர் மூலம் எனக்கு அழைப்பு வருவதுண்டு. பாயிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது பெயரைக் கேட்கும் இந்த ஒரு வழக்கத்தைத்தான். அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் புதுக்கோட்டையிலிருந்து ஒரு தகப்பன் பேசினார். பதற்றத்தில் எண்களை வாசித்துக்கொண்டே போனார்.

"எல்லாத்தையும் குறிச்சுக்குறேங்க. முதல்ல பையன் பேரைச் சொல்லுங்க" என்றேன்.

அவர் குரல் சற்று நிதானமானது.

"கவின்ங்க."

எழுதிக்கொண்டேன்.