கணக்குப் பரீட்சையும் மாமாவின் வலது காலும்

என் மூளையின் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். மூன்றாவது தடவை எழுதப் போன இடத்தில், இன்னொருத்தருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அந்த இன்னொருத்தர் என் தாய்மாமா. எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து அதே எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தார்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தாத்தாவுக்குக் கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், வேர்க்கடலை மண்டி இருந்த காலம் ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம். "எட்டாவதுக்கு மேல படிச்சவன்லாம் அடுத்தவன் வாசல்ல கை கட்டித்தான நிக்கிறான், எம் மவன் ஏன் நிக்கணும்" என்று சொல்லி, நன்றாகப் படித்துக்கொண்டிருந்த மாமாவை அவர் கெஞ்சக் கெஞ்சப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வந்து மண்டியில் உட்கார வைத்தார். கொஞ்ச காலத்தில் மண்டி நொடித்தது. மாமா கடைசியில் ஒரு சர்க்கார் ஆபீசில் பியூனாகச் சேர்ந்து, அதிகாரி ரூம் வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றார்.

எஸ்.எஸ்.எல்.சி. தேறினால் கிளார்க் ஆகலாம். ஆனால் அதற்கும் ஒரு வயசுக் கணக்கு வைத்திருந்தார்கள். இந்தத் தடவை விட்டால் மாமாவுக்கு வயசு தாண்டிவிடும். ஆயுசுக்கும் பியூன்தான்.

ஆக, மாமா கெஞ்சியும் கிடைக்காத படிப்பு. என் விஷயத்தில் வீடே கெஞ்சியது. ட்யூஷன் வைத்தார்கள், முட்டை அவித்துக் கொடுத்தார்கள். முட்டை மட்டும் உடம்பில் ஒட்டியது. மாமாவுக்கு ட்யூஷன் எடுத்தது அவர் மகள். ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பிராக்கெட்டை எடுக்காம ஏன் கூட்டறீங்க" என்று அவள் அதட்ட, "சரிம்மா, சரிம்மா" என்று மாமா அழித்து எழுதுவார்.

கடலூரில் எழுதினால் ஆபீஸ்காரர்கள் கண்ணில் படும் என்று சிதம்பரத்தில் சென்டர் போட்டார். ஆபீசில், நடராஜரிடம் ஒரு வேண்டுதல், கூடவே இருந்து முடிக்க வேண்டும் என்று லீவு எழுதிக் கொடுத்தார். என்னையும் தன்னோடு சேர்த்துப் பரீட்சைப் பணம் கட்டச் சொன்னார். "நீதான் ரெண்டு தடவ உள்ள போயிட்டு வந்தவன். வழி தெரியும்" என்றார், ஏதோ ஜெயிலைப் பற்றிப் பேசுவது மாதிரி. ஒன்றாகக் கட்டியதால் நம்பரும் அடுத்தடுத்து வந்தது.

கணக்குப் பரீட்சை அன்று காலையிலிருந்து மழை. மறுநாள் எங்கள் இரண்டு பேருக்கும் சயின்ஸ் பாக்கி இருந்தது. செருப்பையும் குடையையும் வராந்தாவில் விட்டுவிட்டு உள்ளே போனோம். எங்கள் ஹால் சூப்பர்வைசரும் செருப்பைக் கழற்றிவிட்டார். அதுதான் ஆபத்து. மனுஷன் நடப்பது காதில் விழாது. வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் தோள்பக்கம் மூச்சுக் காற்று படும். போன தடவை இதே ஹாலில் பிட் அடித்தவனை எழுத விடாமல் வெளியே அனுப்பியதாக வராந்தாவிலேயே ஒருத்தன் சொல்லிப் பயமுறுத்தியிருந்தான்.

பாதி நேரம் போயிருக்கும். மாமா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், மாமா மாட்டிக்கொண்டார் என்று முடிவு கட்டினேன். மனசுக்குள் கூட்டும்போது அவர் எப்போதும் கண்ணை மூடுவார் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்கு அது ஞாபகம் வந்தால் நான் ஏன் மூன்றாவது தடவை எழுதுகிறேன்?

எனக்கு முழுசாகத் தெரிந்தது ஒரே ஒரு தேற்றம். அதை ஹால் டிக்கெட்டுக்குக் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, உருட்டி, பெஞ்சுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டேன். உருண்டை போய் மாமாவின் காலடியில் நின்றது. மாமா குனிந்து பார்த்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. பின் கழுத்து மட்டும் விறைத்தது. வலது காலை மெதுவாகத் தூக்கி அதன் மேல் வைத்தார்.

அப்போது பார்த்தேன். சூப்பர்வைசர் மாமாவின் பெஞ்சுக்குப் பக்கத்து ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மழைச் சாரல் அடிக்கிறதா என்று கையை வெளியே நீட்டினார். போகவில்லை. மாட்டினால் மூன்று வருஷத்துக்குப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். எனக்கு இன்னொரு மூன்று வருஷம் போகும். வீட்டில் பழகிப்போன விஷயம். மாமா சர்க்கார் உத்தியோகஸ்தர். கிளார்க் வேலை இருக்கட்டும், இருக்கிற பியூன் வேலையும் போகும். ஆபீசுக்குத் தகவல் வந்தால் நடராஜர் வேண்டுதலும் சேர்ந்து சந்தி சிரிக்கும்.

எனக்கு அதற்கு மேல் ஒரு வரி ஓடவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா எழுதினார். வேகமாக எழுதினார். கடைசிப் பக்கம் வந்தது. கை தூக்கினால் அடிஷனல் பேப்பர் கொடுப்பார்கள். கொடுக்கிறவர் பெஞ்சுக்குக் கிட்டே வந்து, குனிந்து, நம்பரைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். மாமாவின் கை பாதி மேலே போய்க் கீழே இறங்கியது. பிறகு பேப்பரைத் திருப்பி மார்ஜினில் எழுத ஆரம்பித்தார். எறும்பு ஊர்வது மாதிரி பொடிப்பொடியாக. மார்ஜினும் நிரம்பியது. பேனாவை மூடினார். மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது.

மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். மாமா மட்டும் உட்கார்ந்தே பேப்பரை நீட்டினார்.

"எழுந்திருங்க சார்" என்றார் சூப்பர்வைசர்.

மாமா எழுந்தார். வலது கால் விரல்களை இறுக்கி மடக்கி, குதிகாலை ஊன்றி ஓர் அடி வைத்தார். உருண்டை விரலிடுக்கில் இருந்தது.

"என்ன சார், கால்ல அடியா?"

"மரத்துப் போச்சுங்க சார்."

"நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்றார் அவர். வாசல் எத்தனை அடி என்று கணக்குப் போட்டேன். "அசையாம உட்காந்து எழுதினீங்க. இந்த வயசுல வந்து எழுதறதுன்னா லேசுப்பட்ட காரியமா. எங்கப்பாவும் எட்டாவதோட நின்னவருதான். கடைசி வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருந்தாரு." சொல்லிக்கொண்டே மாமாவின் முழங்கையைப் பிடித்து, தாங்கலாக வராந்தா வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, சாரோட குடைய எடுத்து வெச்சுக்க" என்றார். எடுத்து வைத்துக்கொண்டேன்.

மாமா அவரைப் பார்த்துக் கை கூப்பினார். தலையை மட்டும் நிமிர்த்தவில்லை.

வாசலில் தேங்கிய மழைத்தண்ணியில் காலை முக்கி விரல்களை விரித்தார். காகிதம் மிதந்து, ஊதா மசி கரைந்து போயிற்று. கீழ வீதிக்கு நடந்தோம். ஹோட்டலில் இட்லியும் கத்திரிக்காய்க் கொத்சும் வந்தது. மாமா தொடவில்லை.

"எத்தனை கணக்கு விட்டுட்டீங்க மாமா?"

"ரெண்டு."

"தெரியாமயா?"

"இடம் இல்லாம."

சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எந்தக் காலத்தில் சும்மா இருந்தது? "எனக்கு வேற என்ன மாமா தெரியும், உங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்..." என்று இழுத்தேன்.

மாமா இட்லியைப் பிட்டுக் கொத்சில் தோய்த்தபடி சொன்னார்:

"நாளைக்கு எனக்கு உதவி பண்ணாத மாப்ள."