சுவிட்சர்லாந்தில் அட்டைக்கடி

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கொழும்புக் கோட்டை நிலையத்திலிருந்து பதுளை ரயில் புறப்பட்டது. இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தூரம், பத்து மணி நேரம் ஆகும் என்றார்கள். எங்கள் திருச்சியிலிருந்து அந்த நேரத்துக்குள் சென்னைக்குப் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பியே வந்துவிடலாம். முந்தின நாள்தான் விமானத்தில் ஒரு மணி நேரத்தில் கடல் தாண்டி வந்திருந்தேன். அந்த மிதப்பில் கொஞ்சம் முணுமுணுத்தேன் போலிருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்த வெலிமடை உருளைக்கிழங்கு வியாபாரி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மலை ஏறுகிற வண்டி மெதுவாகத்தான் போகும், வெளியே பார்த்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் போனது என் சகலை சிவராமனைப் பார்க்க. அவர் மனைவி மீனாட்சியும் என் மனைவியும் அக்கா தங்கை பிள்ளைகள். பதுளை பஜாரில் அவருக்குப் பாத்திரக்கடை. எனக்குத் தில்லைநகரில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகை, அதில் சனிக்கிழமைதோறும் கதை எழுதச் சொல்லித்தரும் வகுப்பு. அதிலும் வருணனைதான் என் விசேஷம். ஒரு இடத்தை வாசிக்கிறவன் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி என்று மூச்சுவிடாமல் மூன்று மணி நேரம் பேசுவேன். ஒரு வருஷமாக நாவல் எழுதிக்கொண்டிருந்த சிவராமன் போன மாதம் போனில் கூப்பிட்டார்.

"எல்லாம் முடிஞ்சிருச்சு சகலை, கடைசி அத்தியாயந்தான் வரமாட்டேங்குது. அண்ணன் தங்கச்சி வீட்டுக்குப் போறான். வாசல் வரைக்கும் நல்லாத்தான் போறான். உள்ள போனா வீடு வரமாட்டேங்குது."

எந்தத் தங்கச்சி என்று நான் கேட்கவில்லை. குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவருடைய ஒரே தங்கை வசந்தி, நமுனுகுலத் தோட்டத்தில் தேயிலை பேக்டரியில் வேலை செய்யும் செல்வராஜைக் கட்டிக்கொண்டு போனவள். கடைக்காரர் வீட்டுப் பெண் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போவதா என்று அப்பா குதித்தார். அண்ணன் வாயே திறக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான்.

நானுஓயா தாண்டியதும் குளிர் உள்ளே வந்தது. பழைய நோட்டுக் காகிதத்தில் சுற்றிய வடை நான்கு இருநூறு ரூபாய், எங்கள் ஊர்க் காசுக்கு அறுபதுக்குக் கொஞ்சம் குறைவு. காரம் உச்சியில் ஏறியது. அப்புத்தளையில் வண்டி மலையின் முதுகில் ஏறி நின்றபோது இரண்டு பக்கமும் தரை கீழே விழுந்து கிடந்தது. ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் மேகம். என் வகுப்பில் 'பச்சைப் பசேல்' என்று எவனாவது எழுதினால் அன்றைக்கு அவனுக்கு டீ கிடையாது. அப்படிப்பட்ட நான் ஜன்னலில் தலையை நீட்டி, "அடேங்கப்பா, பச்சைப் பசேல்னு இருக்கே" என்றேன். ஊருக்குத்தானே உபதேசம்.

எல்லவுக்கு அப்பால் தெமோதரை நிலையத்தைத் தாண்டியதும் ரயில் ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, அந்த நிலையத்துக்கே அடியில் சுரங்கத்தில் நுழைகிறது. பெட்டி முழுக்க எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது. ஆறரை மணிக்குப் பதுளை. தண்டவாளம் அதோடு முடிகிறது. நான் ஸ்வெட்டரோடு இறங்கினேன், ஊரோ இளஞ்சூடாக இருந்தது. சுற்றிலும் மலை நிற்க, கிண்ணத்தின் அடியில் சோறு கிடக்கிற மாதிரி ஊர் கிடந்தது. சிவராமன் என் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஸ்வெட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

சனிக்கிழமை முழுவதும் அவருடைய கடையில்தான் இருந்தேன். தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க ஜனம் இறங்கும் நாள் அது. அலுமினியச் சட்டி, பிளாஸ்டிக் வாளி, கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் செடியின் கீறலுக்கும் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு, எல்லாம் கூரையிலிருந்து தொங்குகின்றன. நான் வியந்தது சாமானைப் பார்த்தல்ல, சிவராமனைப் பார்த்து. ஒரு பெண் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் எந்தத் தோட்டம், வீட்டில் எத்தனை பேர், வாங்க வந்திருப்பது கல்யாணச் சீருக்கா வீட்டுக்கா என்று என் காதில் சொல்லிவிடுவார். ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த ஒருத்திக்கு அவள் கேட்ட சட்டியை விட்டுவிட்டு அடி தடித்த வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். விறகடுப்புக்காரர்களைக் கைவிரல் நகத்தைப் பார்த்தாலே தெரியுமாம். இப்படி ஒரு கண் என் வகுப்பில் ஒருத்தனுக்கு இருந்தால் நான் கொட்டகையைப் பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன்.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் நாவலைக் கையில் கொடுத்தார். நடக்கும் இடம் சுவிட்சர்லாந்து. அண்ணன் பெயர் பீட்டர், தங்கை பெயர் ரோஸி. ஏன் சுவிஸ் என்றேன். பஜாரில் ஒருத்தரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றார். ஐந்து பக்கம் புரட்டினேன். ஆல்ப்ஸ் மலையில் விடியற்காலை ஆட்கள் பெரட்டுக்களத்தில் வரிசையாக நிற்க, கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிறார். ரோஸி படங்கு கட்டுகிறாள். பனி கொட்டிக்கொண்டே இருக்கிறது, அந்தப் பனியில் அவள் காலில் அட்டை கடிக்கிறது, அவள் சவர்க்காரத்தைத் தேய்த்து அதை உதிர்க்கிறாள்.

"சகலை, சுவிட்சர்லாந்துல ஏதுங்க அட்டை?" என்றேன். கல்லாவிலிருந்த மீனாட்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிவராமனுக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் பனியைப் பத்திரமாகப் போட்டுவிட்டார், ஆனால் அட்டையை விடத் தெரியவில்லை. பொய் சொல்ல உட்கார்ந்தவர் வரிக்கு வரி உண்மையைச் சொல்லியிருந்தார்.

சிரிப்பெல்லாம் கடைசி அத்தியாயம் வரைதான். பீட்டர் தங்கை வீட்டுக்கு நடக்கும் அந்த மூன்று பக்கம் இருக்கிறதே, அப்படி நான் எழுதியதில்லை. பாதையில் முதலில் தண்ணீர் கொட்டும் பீலி, அதன் கல்லில் துவைத்துத் துவைத்து விழுந்த குழி. பிறகு மண்ணை வெட்டிக் கல் பதித்த படிகள், நாலாவது படி மட்டும் கொஞ்சம் ஆடுகிறது. குரோட்டன் வேலி, அதில் காயும் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை. நீலக் கதவு, அதன் கீழ்ப்பாதியில் சாயம் உரிந்திருக்கிறது. அதற்கு அடுத்த வரி: 'பீட்டர் உள்ளே போனான். வீடு மிக அழகாக இருந்தது.' அவ்வளவுதான். மூன்று பக்கம் கையைப் பிடித்து அழைத்துப் போனவர், வாசலில் கையை உதறிவிட்டார்.

அந்தப் பாதை எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டேன். இரண்டு மூன்று தரம் வேலி வரைக்கும் போயிருக்கிறாராம். அப்படியே திரும்பி வந்துவிட்டாராம். எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. விறுவிறுவென்று போகிறவன் கண்ணுக்குப் படி தெரியாது. போவதா வேண்டாமா என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு நடக்கிறவனுக்குத்தான் எந்தப் படி ஆடுகிறது என்பது தெரியும். இதை என் வகுப்பில் நான் சொன்னதே இல்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது.

பார்க்காத வீட்டை எழுத முடியாது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று வாத்தியார் தோரணையில் சொல்லிவைத்தேன். உடனே அவருக்கு வேன் டயர் ஞாபகம் வந்தது, மழை ஞாபகம் வந்தது, கணக்குப் பார்க்க வேண்டிய வேலை ஞாபகம் வந்தது. மீனாட்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கிக் கடை இல்ல அத்தான். நீங்களே கூட்டிட்டுப் போங்க. நான் வந்தா என்னையப் பேச விட்டுட்டு இவரு பின்னாடி நின்னுக்குவாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை வேனில் கிளம்பினோம். பசறை வரை பதினெட்டுக் கிலோமீட்டர், அதற்குமேல் நமுனுகுல ஏற்றம். அந்தப் பாதையை எப்படிச் சொல்வது! ஒவ்வொரு வளைவுக்கும் மலை வேறு முகம் காட்டியது. தேயிலைக்கு நிழல் தரும் மரங்களின் நடுவே மேகம் ஆடு மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது. கவ்வாத்து வெட்டிய சரிவு மொட்டையாக நிற்க, அதற்கு அடுத்த சரிவு கொழுந்து விட்டு வெயிலில் மினுங்கியது. பேக்டரி பக்கம் திரும்பியதும் வறுபட்ட தேயிலை வாசம் வேனுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஒவ்வொரு வளைவிலும் இறங்கி நிற்க ஆசை. சிவராமனோ வண்டியை முப்பதுக்கு மேல் விடவில்லை, ஆனால் எதையும் பார்க்கவும் இல்லை.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் நிறுத்தி, விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண்ணிடம் பேக்டரி செல்வராஜ் வீடு எது என்று விசாரித்தார். வழி அவருக்கு என்னைவிட, ஏன் அந்தப் பெண்ணைவிடவும் தெரியும். மூன்று பக்கம் எழுதியவர் அல்லவா. அவள் பொறுமையாகச் சொன்னாள், அவரும் முதல்முறை கேட்பவர் மாதிரி தலையாட்டிக்கொண்டார். அவர் ஒரு நிமிஷத்தைத் தள்ளிப்போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

வேனைக் கீழே விட்டுவிட்டு நடந்தோம். பீலி இருந்தது, கல்லில் குழி இருந்தது. நாலாவது படி ஆடியது, நான் வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன். வேலியருகே வந்ததும் சிவராமன் நின்றுவிட்டார். நீலக் கதவு திறந்தேதான் இருந்தது.

"கூப்பிடுங்க" என்றேன். தொண்டையைச் செருமிவிட்டு வேலியில் ஒரு இலையைக் கிள்ளினார். போன தடவைகளில் தனியாகத் திரும்பியதாவது அவரோடு போயிற்று. இன்றைக்குச் சாட்சி வைத்துக்கொண்டு திரும்பினால், இனி இந்த மலைக்கு அவர் எந்தக் காலத்திலும் வரமாட்டார். இழுத்துக்கொண்டு வந்தவன் நான்.

அதற்குள் வசந்தி வந்துவிட்டாள். கையில் சோப்பு நுரை, அவரைப் போலவே அகன்ற நெற்றி. அழவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"வேன் சத்தம் கேட்டுச்சு. எப்பவும் போல வேலி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். நுரைக் கையைத் துடைத்துக்கொண்டு, "உள்ள வாங்கண்ணே" என்றாள்.

போனோம். அந்த வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. இடம் போதாமல் அல்ல, காரணம் கடைசியில் தெரியும். நான் சுவரிலிருந்து அடுப்படி வரை ஒன்றுவிடாமல் பார்த்தேன். தொழில் புத்தி, என்ன செய்வது.

செல்வராஜ் கோயில் வேலையாகப் பசறைக்குப் போயிருந்தார், பிள்ளைகள் இரண்டும் டியூஷனுக்கு. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுத்தாள், கூடக் கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டு. என் ஆயுளில் அப்படி ஒரு தேநீர் குடித்ததில்லை. எங்கள் ஊரில் டீ என்று நாங்கள் குடிப்பதெல்லாம் சர்க்கரைப்பால். பேச்சு மழையைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் சுற்றிச் சுற்றி வந்தது. அப்பா போனபோது சொல்லி அனுப்பவில்லையே என்று ஒரே ஒரு முறை கேட்டாள். சிவராமன், தப்புத்தான் என்றார். அவள் அவர் கோப்பையில் இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினாள்.

நான்தான் பேச்சை மாற்ற, உங்கள் அண்ணன் நாவல் எழுதுகிறார், கதை சுவிட்சர்லாந்தில் நடக்கிறது என்று போட்டு உடைத்தேன். வசந்தி அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன், எங்க ஊருக்கு என்னண்ணே கொறச்சல்?"

சிவராமன் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கரித்தது. அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

வேன் மலை இறங்கியது. பசறை வரை பொறுத்தேன், அதற்குமேல் என்னால் முடியாது. இன்றைக்கே உட்கார்ந்து எழுதிவிடுங்கள் சகலை, சூடு ஆறக்கூடாது, உள்ளே என்ன பார்த்தீர்கள் சொல்லுங்கள் என்றேன்.

யோசித்தார். வேனை ஓரமாக நிறுத்திவிட்டே யோசித்தார்.

"ஒன்னுமே பாக்கல சகலை. சுவரு என்ன கலருன்னுகூடத் தெரியல. அவ மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

நகத்தைப் பார்த்து அடுப்பைச் சொல்லும் மனுஷன்! நான் தலையில் கைவைத்துக்கொண்டேன்.

திங்கள்கிழமை காலை பதுளை நிலையம். எட்டரை மணி வண்டி. மேடையில் நின்றபடி சுற்றிலும் மலையைப் பார்த்தேன். எங்கள் திருச்சியில் மலைக்கோட்டையை எந்தத் தெருவிலிருந்தும் பார்க்கலாம். அதனாலேயே நான் வருஷக்கணக்காக அதைப் பார்க்காமல் இருக்கிறேன். ஊருக்குப் போனதும் ஒரு சாயங்காலம் வகுப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளோடு படியேற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மீனாட்சி தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் கட்டிக் கொடுத்திருந்தார், வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது பொட்டலம் மடியில் சூடாக இருந்தது. சிவராமன் ஜன்னலோரம் நின்றிருந்தார். வண்டி ஊதியது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"சகலை, நான் எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கேன். கதவத் தொறந்ததுலேருந்து அடுப்படி வரைக்கும். போற வழியிலயே எழுதி போன்ல அனுப்பிடுறேன், அத்தியாயத்த முடிச்சிருங்க."

அவர் அவசரமாகக் கையை ஆட்டி மறுத்தார்.

"வேணாங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா, அப்புறம் நான் எதச் சாக்குச் சொல்லிக்கிட்டு அங்க போறது?"