மாமா வந்தாச்சு

பனமாலி எங்கே உட்கார்ந்தாலும் முதலில் ஓடுவதற்கு வழி பார்த்துக்கொள்வான். கல்யாணப் பந்தியென்றால் வாசலோரம். படகென்றால், ஓட வழியில்லாததால், நடுப்பலகை. கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கண் திறந்தே இருக்கும்.

"முயலுக்குக்கூட உங்களைவிட தைரியம் அதிகம்" என்பாள் மனைவி சைரந்திரி. அவன் மறுத்ததில்லை.

அவர்கள் தீவில் ஆற்றைத் தாண்டினால் காடு. காட்டில் உறுமிக்கொண்டு திரியும் அந்த வரி உடம்புக்காரரை யாரும் பெயர் சொல்வதில்லை. சொன்னால், கூப்பிட்டார்கள் என்று வந்துவிடுவார். மாமா என்றுதான் சொல்வார்கள்.

மகள் கோயலுக்கு ஒரு வரன் வந்தது. பையனுக்குத் தாய் தகப்பன் இல்லை. வளர்த்த தாய்மாமா நீலரதன் வந்து பார்த்துச் சரியென்றால்தான் கல்யாணம். ஏற்கெனவே வந்த இடங்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. சைரந்திரிக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் வருகிற நாளன்று, கரைமேட்டில் நின்ற பக்கத்து வீட்டு பாருல் குரல் கொடுத்தாள்.

"ஏ சைரந்திரி! மாமா வந்தாச்சு!"

மாட்டுக்கொட்டிலில் இருந்த பனமாலிக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்தது. கோழியை அடைப்பதுபோல் மனைவியையும் மகளையும் உள்ளே தள்ளினான். தாழ் போட்டான். நெல் கொட்டிவைக்கும் குதிரை இழுத்துவந்து கதவுக்கு முட்டுக்கொடுத்தான். பரணில் ஏறி ஏணியையும் மேலே இழுத்துக்கொண்டான்.

"ஐயோ, அது மாப்பிள்ளையோட மாமாங்க!"

"யாரோட மாமாவா இருந்தா என்னடி, கடிச்சா ஒண்ணுதான்!"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "வீட்ல யாரு? மாமா வந்திருக்கேன்."

"பேச வேற கத்துக்கிட்டாரா!" பனமாலி பரணிலிருந்து அலறினான். "திறக்காதீங்க! மாமா வாசல்ல நிக்கிறாரு!"

வெளியே நின்ற நீலரதனும் தீவுக்காரர்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

சைரந்திரி ஒற்றையாளாக நெல்குதிரை நகர்த்திக் கதவைத் திறந்தபோது வாசலில் யாருமில்லை. கொய்யா மரம் ஆடியது. உச்சியில் வெள்ளை வேட்டி, அதன் கையில் இனிப்புத் தயிர்ச் சட்டி.

"அண்ணே, இறங்குங்க. இங்க மாமான்னா நீங்க ஒருத்தர்தான்."

"நல்லாப் பாத்தியா தங்கச்சி? கொட்டிலுக்குப் பின்னாடி?"

இந்த இடமும் போச்சு என்று அவளுக்குக் கண் கலங்கியது. நீலரதன் இறங்கி வந்து, பரணில் தொங்கிய பனமாலியின் கால்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"எங்க ஊர்ல பயமில்லாம காட்டுக்குப் போற வீரனுங்களுக்குக் குறைச்சலே இல்ல. அவங்க பொண்டாட்டிங்கதான் வெள்ளைச் சேலையில இருக்காங்க. பையனைப் பெத்த என் தங்கச்சியும் அப்படித்தான் இருந்து செத்தா." பிறகு கேட்டார்: "பொண்ணுக்கு அப்பன் புத்தியா, உன் புத்தியா?"

"அவ இன்னும் கட்டிலுக்கடியிலதான் இருக்கா."

"அப்ப நாள் பாத்துரு."

"கதவைச் சாத்திட்டுப் பேசுங்க!" என்றான் பனமாலி.

கோயல் இப்போது புகுந்த ஊரில் இருக்கிறாள். அவள் புருஷன் நண்டுக் கடையில் வேலை பார்க்கிறான், காட்டுக்குப் போவதில்லை. நீலரதன் இங்கே வரும்போதெல்லாம் படகிலிருந்தே தன் முழுப்பெயரைக் கத்திக்கொண்டு வருகிறார்.